மாணவி எழுதியதை யாரிடம் கொடுப்பது?

கடிதத்தின் சுருக்கம் (அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன):

தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாகப் பணிபுரியும் வாசகி எழுதியிருக்கிறார். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, திருத்தக் கொடுத்த கட்டுரை ஏட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சில வரிகள் எழுதி, பாதியை அழித்தும் அழிக்காமலும் விட்டிருந்தாள். விளையாட்டுப் பொருள்கள் வைக்கும் அறைக்கு உடற்கல்வி ஆசிரியர் தன்னைத் தனியே வரச் சொல்கிறார், தகாத முறையில் தொடுகிறார், இரவில் அம்மாவின் செல்போனுக்குச் செய்தி அனுப்பிப் படித்தவுடன் அழிக்கச் சொல்கிறார் என்பது அதன் சாரம். தனியே கூப்பிட்டுக் கேட்டபோது, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ், அப்புறம் ஓட்டப்பந்தயத்துக்கே அனுப்ப மாட்டாங்க" என்று அழுதிருக்கிறாள். சொல்ல மாட்டேன் என்று வாசகியும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

மனம் பொறுக்காமல் மறுநாள் அவர் தலைமையாசிரியையிடம் ஏட்டைக் காட்ட, அன்று பிற்பகலே மாணவியும் அந்த ஆசிரியரும் ஒரே அறையில் நிறுத்தப்பட்டு விசாரிக்கப்பட்டிருக்கிறார்கள். "விளையாட்டுக்கு எழுதினேன்" என்று மாணவி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். "தொட்டதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லையே, பொதுத்தேர்வு நேரத்தில் பள்ளியின் பெயர் கெட வேண்டாம், அவரை ராஜினாமா செய்யச் சொல்லித் தாளாளர் முடித்துவிடுவார்" என்பது தலைமையாசிரியையின் முடிவு. "பொம்பளைப் பிள்ளை விஷயம், விட்டுடுங்க டீச்சர்" என்கிறார் மாணவியின் தாய். ஏடு இப்போது தலைமையாசிரியையின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வாசகியிடம் இருப்பது அந்தப் பக்கத்தைச் செல்போனில் எடுத்த படம் மட்டும். அவருடைய பணி நியமனத்துக்குத் துறையின் ஒப்புதல் இன்னும் வரவில்லை. வேறு ஆதாரம் இல்லாமல், பெற்றோரின் விருப்பமும் இல்லாமல் புகார் கொடுத்தால், பொய்ப் புகார் என்று தன் மீதே வழக்கு வருமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நாள் கடத்தக் கூடாத விஷயம் என்பதால், உங்கள் கடிதம் கிடைத்த அன்றே செய்ய வேண்டியதைச் சுருக்கமாகத் தெரிவித்திருந்தேன். இதே நிலையில் வேறு ஆசிரியர்களும் இருக்கக்கூடும் என்பதால், அதற்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டிருப்பவற்றில் பெரும்பாலானவை "நான் புகார் கொடுக்கலாமா, கூடாதா" என்ற ஒரே கேள்வியிலிருந்து கிளைத்தவை. அந்த முடிவை எடுக்கும் சுமையைச் சட்டம் உங்கள் தோளில் வைக்கவில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது நாம் போக்சோ என்று சொல்லும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, 18 வயதுக்கு உட்பட்ட ஒருவர் மீது இத்தகைய குற்றம் நடந்திருப்பதாக அறியும் எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், உள்ளூர்க் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது. தராமல் இருப்பது 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். தலைமையாசிரியையிடம் சொன்னதோடு உங்கள் கடமை தீர்ந்துவிட்டதாக நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல. பள்ளியின் நடைமுறைக்கு அது போதுமானதாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சட்டம் குறிப்பிடும் இடம் காவல் நிலையம்தான்.

உங்கள் தலைமையாசிரியையின் பொறுப்பு உங்களுடையதைவிடக் கூடுதலானது. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிந்தும் தகவல் தராமல் விட்டால், அதே 21ஆவது பிரிவு ஓராண்டு வரை சிறைத் தண்டனையையும் அபராதத்தையும் விதிக்கிறது. பெரும்பாலும் இது தெரியாமல்தான் தலைமையாசிரியர்கள் "நாங்களே பேசி முடித்துவிடுகிறோம்" என்று துணிகிறார்கள். அவரைக் கெட்டவர் என்று எண்ணிக்கொண்டு அணுக வேண்டாம்; பள்ளியைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தன்னையே சிக்கவைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். பள்ளி விடுதியில் தங்கிப் படித்த சிறுமியர் மீது நடந்த குற்றத்தை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்று மகாராஷ்டிரத்தில் ஒரு மருத்துவர் மீது போடப்பட்ட வழக்கை அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ஒதுக்கி வைத்து, குற்றத்தை உடனடியாகத் தெரிவிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கே இன்றியமையாதது என்று கூறியது.

ஆதாரம் தேடும் பொறுப்பு யாருடையது

"என்னிடம் ஆதாரம் இல்லை" என்று கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். குற்றத்தை நிரூபிக்கும் அளவுக்கு ஆதாரம் சேர்த்துக்கொண்டு வா என்று சட்டம் உங்களிடம் கேட்கவில்லை. குழந்தை எழுதியதைப் படித்தீர்கள், அவள் வாயால் சொன்னதைக் கேட்டீர்கள். நீங்கள் தர வேண்டிய தகவல் அவ்வளவே. அது உண்மையா, எந்த அளவுக்கு உண்மை என்பதைப் புலனாய்வு அதிகாரியும், அவருக்குப் பின் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். ஆர்வத்தில் நீங்களே துப்பறியத் தொடங்கினால் வழக்குக்குத்தான் கேடு. ஓட்டப்பந்தயப் பயிற்சியிலிருந்து திடீரென்று விலகிய இன்னும் இரண்டு மாணவியரைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் ஐயத்தைக் காவல் அதிகாரியிடம் சொல்லுங்கள். ஆனால் அந்தச் சிறுமியரை அழைத்து "உனக்கும் நடந்ததா" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், ஆசிரியை சொல்லிக்கொடுத்துத்தான் பிள்ளைகள் பேசுகிறார்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவதற்கு நீங்களே வழி செய்து கொடுத்தவராவீர்கள்.

"தொட்டதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை" என்ற வாதத்துக்கும் சட்டத்தில் இடமில்லை. பாலியல் நோக்கத்தோடு தொடுவதே 7ஆவது பிரிவின்படி பாலியல் தாக்குதல். அதைச் செய்தவர் அந்தக் குழந்தை படிக்கும் பள்ளியின் ஊழியராக இருந்தால், 9ஆவது பிரிவு அதைக் கடுமையான பாலியல் தாக்குதலாக உயர்த்துகிறது; குறைந்தது ஐந்து ஆண்டும், அதிகபட்சம் ஏழு ஆண்டும் சிறை. ஆடைக்கு மேலே தொட்டால் இந்தக் குற்றம் ஆகாது என்ற பொருளில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021 ஜனவரியில் அளித்த தீர்ப்பு நாடெங்கும் பேசப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததோடு, தோலோடு தோல் பட்டதா என்பதைவிடத் தொட்டவரின் நோக்கம் என்ன என்பதே அளவுகோல் என்று தெளிவாக்கியது. முதல் தீர்ப்பு பலர் நினைவில் தங்கிய அளவுக்கு இரண்டாவது தங்கவில்லை. உங்கள் தலைமையாசிரியையின் பேச்சில் எனக்குக் கேட்பது அந்தப் பழைய எதிரொலிதான். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும் 11ஆவது பிரிவின்படி தனிக் குற்றம் என்பதால், அந்த இரவுச் செய்திகளையும் விட்டுவிடாமல் குறிப்பிடுங்கள்.

உள்விசாரணையும் ராஜினாமாவும்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது, அந்தக் குழந்தையை அவள் யாருக்குப் பயந்தாளோ அவருக்கு எதிரிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டதுதான். குற்றம் சாட்டப்பட்டவரின் தொடர்பு எந்த வகையிலும் குழந்தைக்கு ஏற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விசாரணை அதிகாரிக்கே 24ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போதுகூட அவர் குழந்தையின் கண்ணில் படாதபடி திரையோ காணொலி வசதியோ ஏற்பாடு செய்யச் சொல்கிறது 36ஆவது பிரிவு. நீதிமன்றமே செய்யக் கூடாததை ஒரு பள்ளி அலுவலக அறையில் செய்திருக்கிறார்கள்.

இனி அந்தத் தாளின் கதை. "விளையாட்டுக்கு எழுதினேன்" என்ற அந்த வரி வழக்கை முடித்துவிடும் என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அது எதிர்த்தரப்பின் கையில் ஓர் ஆவணமாக வந்து நிற்கும். ஆகவே அந்தத் தாள் எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பதை இப்போதே, நினைவு மங்குவதற்குள், தேதியிட்டு எழுதி வையுங்கள். அறையில் யார் யார் இருந்தார்கள், கதவு திறந்திருந்ததா, வாசகத்தை யார் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள், தாளும் பேனாவும் யார் கொடுத்தது, எவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தாள் என்பவற்றில் நீங்கள் கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் தனித்தனியாகக் குறியுங்கள். மிரட்சியில் பின்வாங்கிய குழந்தைகளை விசாரணை நீதிமன்றங்கள் பார்க்காமல் இல்லை. சூழல் பதிவாகியிருந்தால் அந்தத் தாளின் எடை தானே குறையும்.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலுக்காக 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்படும் உள்ளகக் குழுவிடம் இதை ஒப்படைக்கலாமா என்று தாளாளர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பணிபுரியும் பெண்களுக்கான ஏற்பாட்டையும் போக்சோ சட்டத்தையும் குழப்பிக்கொள்வது பல பள்ளிகளில் நான் கண்டிருப்பதுதான். பள்ளி தன் ஊழியர் மீது துறை நடவடிக்கை எடுக்கட்டும், மாணவர் பாதுகாப்புக் குழுவைக் கூட்டட்டும். அவை எதுவும் காவல் துறைக்குத் தகவல் தருவதற்கு மாற்றாகாது. குழு அறிக்கை தரும்வரை காத்திருக்கவும் சட்டம் அவகாசம் தரவில்லை.

ராஜினாமா பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. அடுத்த கல்வியாண்டில் அந்த மனிதர் நற்சான்றிதழோடு வேறொரு பள்ளியின் மைதானத்தில் விசிலோடு நிற்பார். பள்ளிகள், விளையாட்டுப் பயிற்சி நிலையங்கள் முதலியவை தம் ஊழியர்களின் பின்னணியைக் காவல் துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. ஆனால் வழக்கே பதிவாகாத ஒருவரைப் பற்றி அந்தச் சரிபார்ப்பில் என்ன தெரியவரும்?

தாயின் அச்சமும் உங்கள் வாக்கும்

தகவல் தரப் பெற்றோரின் சம்மதம் தேவையில்லை. அவர்கள் எதிர்த்தாலும் உங்கள் கடமை மாறாது. ராஜஸ்தானில் மாணவியிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக ஓர் ஆசிரியர் மீது வழக்குப் பதிவான பின், அவரும் மாணவியின் தந்தையும் சமரசம் செய்துகொண்டதை ஏற்று உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாததாக்கியது. பள்ளியில் ஆசிரியர் செய்யும் இத்தகைய செயலை இரு தரப்புக்கும் இடையிலான சொந்த விவகாரமாகக் கருதிச் சமரசத்தால் முடிக்க முடியாது என்பதே அதன் சாரம்.

இருந்தாலும், அந்தத் தாயைச் சட்டப் பிரிவுகளைக் காட்டி மடக்கப் பார்க்காதீர்கள். "பொம்பளைப் பிள்ளை விஷயம்" என்று அவர் சொல்வதில் குறைந்தது மூன்று அச்சங்கள் உண்டு: ஊருக்குத் தெரிந்துவிடும், மகளை ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைக்கழிப்பார்கள், மருத்துவமனையில் கண்டபடி சோதிப்பார்கள். இவற்றுக்கு நேராகவே பதில் சொல்லுங்கள். குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். அப்போது பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்க வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் இருக்க அவள் ஆசைப்படலாம். ஆனால் நீங்களே சாட்சியாகவும் ஆகப்போவதால், தாயோ அத்தையோ இருப்பது நல்லது. மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவரே செய்ய வேண்டும். குழந்தையின் சம்மதமோ அவள் சார்பில் சம்மதம் தர உரியவரின் சம்மதமோ இல்லாமல் அதைச் செய்ய முடியாது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குழந்தையை நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. கேள்விகளை நீதிபதியிடம் கொடுக்க, நீதிபதிதான் அவளிடம் கேட்பார்.

இவையெல்லாம் எல்லா இடங்களிலும் அப்படியே நடக்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன். இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அதைத் தாண்டி இழுக்கும் வழக்குகள் உண்டு. சீருடையிலேயே வீட்டு வாசலில் வந்து நிற்கும் காவலர்களும் உண்டு. சட்டம் என்ன சொல்கிறது என்பது தெரிந்தால்தான் "சாதாரண உடையில் வாருங்கள்" என்று தாயால் கேட்க முடியும் என்பதற்காகவே இவ்வளவையும் எழுதுகிறேன். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காவல் துறை அதை மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் துணைநிற்க ஓர் ஆதரவு நபரை அந்தக் குழு நியமிக்கும். தாயால் தனியே சுமக்க முடியாது என்று தோன்றினால் அந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பெறச் சொல்லுங்கள். சிறப்பு நீதிமன்றம் வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீடு வழங்கவும் வழியிருக்கிறது.

நீங்கள் கொடுத்த வாக்கைப் பற்றி: குழந்தையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. இதை நிறுத்தக்கூடியவர்களிடம் மட்டும் சொல்லப்போகிறேன். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை" என்ற அளவு போதும். அவளுக்கு ஓட்டம் போய்விடுமோ என்ற பயம்தான் பெரிது என்பது அவள் சொன்ன ஒரு வரியிலேயே தெரிகிறது. வேறொரு பயிற்சியாளரிடம், முடிந்தால் பெண் பயிற்சியாளரிடம், அவள் பயிற்சியைத் தொடர ஏற்பாடு செய்வது உங்களால் ஆகக்கூடிய காரியம். சட்டத்தில் எந்தப் பிரிவும் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவள் வழக்கில் உறுதியாக நிற்பதும் நிற்காததும் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

புகாரை எழுதும் முறை

முதலில் காவல் நிலையம், பிறகு பள்ளி என்ற வரிசையை மாற்றாதீர்கள். புகார் கொடுக்கப்போவதைத் தலைமையாசிரியையிடம் முன்கூட்டிச் சொன்னால் ஏடு காணாமற்போகவும், தாயிடம் இன்னொரு தாள் எழுதி வாங்கப்படவும் இடமுண்டு. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு, அதே நாளில் பள்ளிக்கு எழுத்து மூலம் தகவல் தெரிவியுங்கள். அனுமதி கேட்கும் தொனி அதில் இருக்க வேண்டாம்.

புகாரில் குழந்தையின் சொற்களை அப்படியே எழுதுங்கள். அவள் "கை வைக்கிறார்" என்று எழுதியிருந்தால் மேற்கோள் குறிக்குள் அதையே எழுத வேண்டும். நாகரிகம் கருதியோ சட்டத்துக்குப் பொருந்த வேண்டும் என்று கருதியோ அதைப் "பாலியல் சீண்டல்" என்று மாற்றாதீர்கள். அழித்த வரிகளில் படிக்க முடியாத இடத்தைப் படிக்க முடியவில்லை என்றே சொல்லுங்கள். ஏட்டை நீங்கள் பார்த்த நாள், தலைமையாசிரியையிடம் சொன்ன நாள், அவர் சொன்ன பதில், ஏடு இப்போது இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டால், இத்தனை நாள் தாமதம் ஏன் என்ற கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்துவிடும். செல்போன் படத்தை வெட்டாமல், திருத்தாமல், எடுத்த செல்போனிலேயே வைத்திருங்கள். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு எதிலும் அதைப் பகிராதீர்கள். நெருங்கிய தோழிக்கும் அனுப்ப வேண்டாம். தாயின் செல்போனை விற்கவோ பழுதுபார்க்கக் கொடுக்கவோ, அதிலுள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக அமைக்கவோ வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அழித்த செய்திகளைத் தடயவியல் ஆய்வில் சில வேளை மீட்க முடியும்.

காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றை மட்டும் கொடுத்து அனுப்பிவிடப் பார்க்கலாம். அதோடு திரும்பாதீர்கள். கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பதைத் தகவல் காட்டினால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. தகவலைப் பதிவு செய்யாமல் விடுவதும் போக்சோ சட்டத்தின் 21ஆவது பிரிவில் குற்றம்தான். எங்கள் எல்லை இல்லை என்பதும் ஏற்கத்தக்க பதிலல்ல. மறுத்தால் புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். நிலையத்துக்குத் தனியே போகத் தயக்கமாக இருந்தால், குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ அழைத்துத் துணை கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். ஆனால் அங்கே சொன்னதைக் காவல் துறையிடம் சொன்னதாகக் கணக்கில் கொள்ளாதீர்கள்.

உங்கள் வேலை

பொய்ப் புகார் என்று உங்கள் மீது வழக்கு வருமா என்ற அச்சத்துக்கு வருகிறேன். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது உரிமையியல் பொறுப்போ குற்றவியல் பொறுப்போ சாராது என்று 19ஆவது பிரிவின் 7ஆவது உட்பிரிவு கூறுகிறது. 22ஆவது பிரிவின்படி பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டுதான். ஆனால் அது ஒருவரை அவமானப்படுத்தவோ, பணம் பறிக்கவோ, மிரட்டவோ, அவதூறு செய்யவோ மட்டுமே பொய்யான தகவல் தந்தவருக்கு. வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிவிட்டால் புகார் பொய்யாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. அந்தப் பிரிவின்கீழ் குழந்தையைத் தண்டிக்கவே முடியாது.

பணி நியமன ஒப்புதலைக் காட்டி நிர்வாகம் உங்களை வாட்டாது என்று என்னால் உறுதி தர முடியாது. தாமதமாக வந்தீர்கள், பாடக்குறிப்பு எழுதவில்லை என்று தொடர்பில்லாத காரணங்களோடு மெமோ வரக்கூடும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரர் என்ற முறையில் இலவசமாகக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு ஏடு, இதுவரை உங்கள் மீது குறை ஏதும் எழுதப்படவில்லை என்பதைக் காட்டும் தாள்கள் ஆகியவற்றின் நகல்களையும் இப்போதே எடுத்துவிடுங்கள். பள்ளிக்கு நீங்கள் தரும் கடிதம் தேதி முத்திரையோடு உங்களிடம் ஒரு நகலாக இருக்க வேண்டும். பிறகு வரும் மெமோ எந்தத் தேதிக்குப் பின் வந்தது என்பதை அந்த நகல்தான் காட்டும். எதையும் அறியேன் என்றோ, தவறாகப் புரிந்துகொண்டேன் என்றோ எழுதித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மெமோ வந்தால் அன்றே ஆத்திரத்தில் பதில் எழுதாமல், எழுத்து மூலம் அவகாசம் கேட்டுவிட்டு அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக் குழுவிலும் பெண்களுக்குக் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி கிடைக்கும். நேரில் ஒருவர் அருகில் இருப்பது நல்லது என்பதால் அங்கேயும் ஒரு மனு கொடுத்து வையுங்கள்.